கூலி வராத நாளில் தொடங்குங்கள்: பண்டைய எகிப்தை வைத்துச் சரித்திர நாவல் எழுத ஒரு முழு வழிகாட்டி

எகிப்தை வைத்து நாவல் எழுத உட்காருபவர் முதல் பக்கத்தில் பிரமிடு வைப்பார். இரண்டாம் பக்கத்தில் தங்க முகமூடி வரும், மூன்றாம் பக்கத்தில் விஷக் கோப்பையோடு ஒரு மகாராணி. நானும் அப்படித்தான் தொடங்கினேன். எண்பது பக்கம் எழுதிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் படித்துப் பார்த்தேன். எண்பது பக்கத்தில் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. யாருக்கும் கடன் இல்லை, வயிற்றுவலி இல்லை. பெயர்களை மாற்றினால் அதே கதை எந்த ஊர் அரண்மனையிலும் நடக்கும்.

அந்தக் கட்டைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்கியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எகிப்து நாவலுக்கு உயிர் அரியணையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. யாருக்கு எத்தனை மூட்டை தானியம் வரவேண்டும், எத்தனை வந்தது, அதை யார் எழுதி வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

முதல் படி: "பண்டைய எகிப்து" என்ற சொல்லைக் கைவிடுங்கள்

அது ஒரு காலம் இல்லை. 3000 ஆண்டுகள். கூஃபுவின் பெரிய பிரமிடு எழுந்தது கி.மு. 2560 வாக்கில். மூன்றாம் ராம்சேஸ் ஆண்டது ஏறக்குறைய கி.மு. 1186 முதல் 1155 வரை. கிளியோபாத்ரா இறந்தது கி.மு. 30. மூன்றாம் ராம்சேஸின் குடிமகனுக்குப் பெரிய பிரமிடு என்பது 1400 ஆண்டுப் பழமை. அவனும் அதை வேடிக்கைதான் பார்க்க முடியும். கட்டுவதற்கு யாரும் அவனைக் கூப்பிடப் போவதில்லை.

அதனால் ஒரு நூற்றாண்டைப் பிடித்து, அதில் ஓர் ஊரைப் பிடியுங்கள். எந்த ஊர் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: தேர் எல்-மதீனா. இன்றைய லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், மலையிடுக்கில் கிடக்கும் சின்னக் கிராமம். மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய கல்தச்சர்களும் ஓவியர்களும் எழுத்தர்களும் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். மதிலுக்குள் சுமார் 70 வீடுகள். பெர்னார் புருயேர் என்ற பிரெஞ்சு அகழாய்வாளர் 1922 முதல் 1951 வரை இங்கே தோண்டினார்.

இந்த ஊரின் அருமை என்னவென்றால், இங்கே இருந்தவர்கள் எழுதித் தள்ளியவர்கள். பாப்பிரஸ் என்ற நாணல்தாளின் விலை அதிகம் என்பதால், கல் குடையும்போது உதிர்ந்த சுண்ணாம்புக்கல் சில்லுகளில் எழுதினார்கள். சலவைக்குப் போட்ட துணிக் கணக்கு, கழுதை வாடகைத் தகராறு, காதல் பாட்டு, பள்ளிக்கூட எழுத்துப் பயிற்சி என்று எல்லாமே சில்லுகளில் இருக்கிறது. கண் மங்கிப்போன ஓவியர் ஒருவர், தேனும் காவிக்கல்லும் அசல் கண்மையும் கொண்டுவந்து தரச் சொல்லித் தன் மகனுக்கு எழுதிய சில்லு ஒன்று உண்டு. அதைப் படித்த பிறகு மகாராணியின் விஷக் கோப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டாம் படி: தேதி போட்ட ஒரு சம்பவம்

காலமும் ஊரும் கிடைத்துவிட்டால் அடுத்து வேண்டியது ஆணி. நாவலை மாட்ட ஓர் ஆணி. அது தேதியோடு ஆவணத்தில் பதிவான சம்பவமாக இருக்கட்டும். கற்பனையை அதன்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் தொங்கவிடலாம்.

நான் எடுத்துக்கொண்டது, எழுத்தில் பதிவானவற்றுள் உலகின் முதல் வேலைநிறுத்தம் என்று சொல்லப்படுவது. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டு, பெரெத் பருவம், 2ஆம் மாதம், 10ஆம் நாள். கூலியாக வரவேண்டிய தானிய ரேஷன் வரவில்லை. ஆட்கள் கல்லறைப் பகுதியின் ஐந்து காவல் மதில்களையும் தாண்டி வெளியே நடந்தார்கள். "எங்களுக்குப் பசிக்கிறது, மாதத்தில் 18 நாள் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டு மூன்றாம் துத்மோஸின் கோயிலுக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இதையெல்லாம் எழுதி வைத்தவர் அமென்நக்த் என்ற எழுத்தர். அவர் எழுதிய பாப்பிரஸ் இன்று இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கவனித்தீர்களா, தேதி 10, கோஷம் 18 நாள். கணக்கு ஒட்டவில்லை. ஆய்வுக் கட்டுரை எழுதுபவருக்கு இது தலைவலி. நாவல் எழுதுபவருக்கு இது கொடை. நான் இரண்டையும் அப்படியே விட்டேன். கூட்டத்தில் ஒரு கிழவன் "பத்துதானே ஆகிறது?" என்று கேட்கிறான். "போன மாதம் கொடுத்ததை நீ வந்து என் வீட்டுக் குதிரில் பார்" என்று பதில் வருகிறது. அவ்வளவுதான், ஒரு பாத்திரம் பிறந்துவிட்டது.

அடுத்தடுத்த நாட்களில் அவர்கள் ராமேசியம் கோயிலுக்கே போய்விட்டார்கள். அங்கே சொன்னதும் பதிவாகியிருக்கிறது: பசியாலும் தாகத்தாலும்தான் வந்தோம், உடுக்கத் துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, எங்கள் நல்ல அரசருக்கு எழுதுங்கள், எங்கள் மேலதிகாரியான வசீருக்கும் (அரசரின் தலைமை அமைச்சர்) எழுதுங்கள். இந்தப் பட்டியல்தான் என் நாவலின் முதுகெலும்பு. எண்ணெயும் மீனும் இல்லை என்று அரசனுக்கே எழுதச் சொல்லும் ஆட்களை அடிமைகள் என்று இனி யார் எழுத முடியும்?

வேறு ஆணிகளும் இருக்கின்றன. ஒன்பதாம் ராம்சேஸின் 16ஆம் ஆண்டுக் கல்லறைக் கொள்ளை விசாரணை துப்பறியும் கதைக்கு நேராகப் பொருந்தும். பனெப் என்ற மேஸ்திரிமீது வந்த நீண்ட புகார்ப் பட்டியலில் திருட்டு, மிரட்டல், அடுத்தவன் மனைவி எல்லாம் உண்டு. மூன்றாம் ராம்சேஸையே கொல்ல நடந்த அந்தப்புரச் சதியும் உண்டு. அவருடைய உடலைப் படமெடுத்துப் பார்த்து, கழுத்து ஆழமாக வெட்டுப்பட்டிருந்ததை 2012இல் வெளியிட்டார்கள். சபலம் தட்டும். ஆனால் என் ஆலோசனை, அந்தச் சதியை வதந்தியாக மட்டும் ஊருக்குள் வரவிடுங்கள். தலைநகரிலிருந்து வரும் படகுக்காரன் குரலைத் தாழ்த்திச் சொல்லட்டும். அரண்மனைக்குள் நுழைந்தால் பழைய எண்பது பக்கம் திரும்பி வந்துவிடும்.

மூன்றாம் படி: அந்த நாள் என்ன பருவம்?

இந்த இடத்தில் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். முதல் வரைவில் "வெயில் கொளுத்தியது, பாறை அனலாய்க் கக்கியது" என்று வேலைநிறுத்தக் காட்சியைத் தொடங்கியிருந்தேன். எகிப்து என்றால் வெயில்தானே!

எகிப்தியருக்கு மூன்று பருவங்கள்: வெள்ளம், முளைப்பு (இதுதான் பெரெத்), அறுவடை. ஒவ்வொன்றும் நான்கு மாதம், மாதம் 30 நாள், கடைசியில் ஐந்து உபரி நாட்கள். மொத்தம் 365. லீப் ஆண்டு கிடையாது. ஆகவே நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நாள்காட்டி இயற்கையை விட்டு நகர்ந்துகொண்டே போகும். சில நூற்றாண்டுகளில் "வெள்ள மாதம்" என்ற பெயர் வறண்ட நாளில் வந்து நிற்கும். அதனால் ஆவணத்தில் பருவத்தின் பெயரைப் பார்த்து வானிலை எழுதக் கூடாது. நகர்வைக் கழித்துப் பார்க்கவேண்டும். 29ஆம் ஆண்டு பெரெத் 2, நாள் 10 என்பதைக் கழித்துப் பார்த்தால் நம்முடைய நவம்பரில் வந்து விழுகிறது.

நவம்பர்! வெள்ளம் வடிந்து, கறுப்பு வண்டலில் விதைப்பு நடக்கும் நேரம். பகலில் இதமான வெயில், இரவில் போர்வை வேண்டும். அறுவடைக்கு இன்னும் நான்கைந்து மாதம் இருக்கிறது. மலையிலிருந்து கீழே பார்த்தால் வயல்காரர்கள் விதையைக் கைநிறைய அள்ளி மண்ணில் வீசிக்கொண்டிருப்பார்கள். வயிறு காய்ந்தவன் அதைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். கொளுத்தும் வெயிலை அடித்துவிட்டு இதை எழுதினேன். தேதியைச் சரிபார்த்ததால் காட்சி கெட்டதில்லை, புதிதாக ஒன்று கிடைத்தது.

ஆண்டை எழுதும்போது அரசர் பெயரோடுதான் சொல்லவேண்டும். "கி.மு. 1157" என்று எந்தப் பாத்திரமும் நினைக்க முடியாது. வாரம் பத்து நாள். எட்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. வேலை நாட்களில் ஆண்கள் ஊருக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே மலைமேல் இருந்த கற்குடிசைகளில் தங்கிவிடுவார்கள். எட்டு நாளும் ஊரில் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், நோயாளிகள்தான். நாவலின் பாதி இந்த ஒரு தகவலிலிருந்து எழுதலாம்.

நான்காம் படி: அடுப்பிலிருந்து எழுதுங்கள்

சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை எம்மர் கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. எகிப்திய மூட்டை சுமார் 77 லிட்டர். அதன் எகிப்தியப் பெயரைத் தமிழில் எழுதினால் "கார்" என்று வரும், வாசகர் நான்கு சக்கரத்தைக் கற்பனை செய்துகொள்வார். மூட்டை என்றே எழுதிவிடுங்கள். எம்மர் என்ன என்று விளக்கவும் பெரிய அடிக்குறிப்பு வேண்டாம். நம் கடைகளில் சம்பா கோதுமை என்று விற்பது அந்த இனம்தான்.

எம்மரில் உமி ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் உரலில் குத்தவேண்டும், புடைக்கவேண்டும், அப்புறம் சாய்ந்த கல்லில் மண்டியிட்டு அரைக்கவேண்டும். அம்மியில் அரைத்த கை இதைச் சட்டென்று புரிந்துகொள்ளும். மாவில் மணலும் கல்துகளும் கலந்துவிடும். எகிப்திய உடல்களில் பற்கள் தேய்ந்து தட்டையாகக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ரொட்டி தின்னும் கிழவனை எழுதினால் அவன் எந்தப் பக்கத்துக் கடைவாயில் மெல்கிறான் என்றும் எழுதுங்கள். பார்லி பெரும்பாலும் பீருக்குப் போகும். அந்தக் காலத்து பீர் குழந்தை முதல் எல்லோரும் குடிக்கும் கெட்டியான உணவு. அதைக் "கள்" என்று எழுதாதீர்கள், கதை உடனே தோப்புக்குப் போய்விடும்.

ஊரில் கிணறு இல்லை. தண்ணீர் கீழே சமவெளியிலிருந்து கழுதைமேல் ஏறி வரும். தண்ணீர்க்காரர், மீன்காரர், விறகுக்காரர், குயவர், வண்ணார் என்று இந்த ஊருக்காகவே அரசு வைத்த வெளியாட்கள் இருந்தார்கள். அதாவது ரேஷன் நின்றால் தானியம் மட்டுமா நிற்கும்? தண்ணீரும் நிற்கலாம்.

நாணயம் கிடையாது. விலை சொல்லத் தெபென் என்ற செம்பு எடை, ஏறக்குறைய 91 கிராம். ஒரு ஜோடி செருப்பு ஒன்றிரண்டு தெபென். கழுதை 25 முதல் 40. மூட்டைத் தானியம் இரண்டு தெபென் என்று வைத்தால், மாத ரேஷனே 11 தெபென்தான். செம்பைக் கையில் எண்ணிக் கொடுப்பதாக எழுதவேண்டாம். கூடை, எண்ணெய் ஜாடி, பழைய சட்டை, இரண்டு ஆடு எல்லாவற்றையும் தெபெனில் மதிப்புப் போட்டு ஈடுகட்டுவார்கள். ஒரு கழுதை விற்பனையை முழுதாக எழுதிப் பாருங்கள். பேரம் பேசும் காட்சி தானாகவே இரண்டு பக்கம் ஓடும்.

வீடு என்பது தெருவோடு ஒட்டிய, நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அறைகள். முன்னறையில் செங்கல் மேடை, நடுஅறையில் தூண், பின்னால் சின்ன அறை, கடைசியில் பாதி திறந்த சமையலிடம், மாடிக்குப் படிக்கட்டு, தரைக்கடியில் நிலவறை. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். அடுத்த வீட்டுச் சண்டை காதில் விழாமல் இருக்க முடியாது. ரகசியம் பேசவேண்டும் என்றால் பாத்திரங்களை மாடிக்கோ மலைக்கோதான் அனுப்பவேண்டும்.

ஐந்தாம் படி: ஆவணத்திலிருந்து ஆட்கள்

இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆண்டு வருகைப் பதிவு ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய சுண்ணாம்புக்கல் பலகை. யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று பட்டியல். உடம்பு சரியில்லை. தேள் கொட்டியது. கண் நோவு. பீர் காய்ச்சினான். வீட்டில் பெண்ணுக்குத் தீட்டு. தாயின் உடலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். பாத்திரம் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் இந்தப் பலகையைக் காட்டுவேன்.

நம் வேலைநிறுத்தக் கதைக்கு மூன்று பேர் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறார்கள். முதலில் எழுத்தர் அமென்நக்த். அரசுத் தரப்பில் சம்பளம் எழுதுபவர், அதே ஊரில் குடியிருப்பவர். இரண்டு பக்கமும் இடி வாங்கும் ஆள். நாவலைச் சொல்ல இவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

இரண்டாவது, காவல் தலைவர் மொந்துமோசே. கூட்டத்தை அடித்து விரட்டவேண்டியவர் இவர். ஆனால் பாப்பிரஸில் இவர் சொல்வதைக் கேளுங்கள்: சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டைப் பூட்டுங்கள், பெண்டு பிள்ளைகளை அழைத்து வாருங்கள், உங்களுக்கு முன்னால் நான் நடந்து சேத்தி அரசரின் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன். நல்லவரா? அவசரப்படாதீர்கள். மென்னா என்ற தொழிலாளியிடம் ஒரு ஜாடிக் கொழுப்பு வாங்கிக்கொண்டு, பார்லி தந்து கடனை அடைக்கிறேன் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த காவல் தலைவரின் பெயரும் மொந்துமோசேதான். கூட்டத்துக்கு முன்னால் நடப்பவரும் கடன்காரரும் ஒரே ஆளாக இருந்தால், கூட்டத்தில் நடக்கும் மென்னாவின் முகம் எப்படி இருக்கும்?

மூன்றாவது, நௌனக்தே. ஐந்தாம் ராம்சேஸின் 3ஆம் ஆண்டில் இவர் சபையின் முன் நின்று உயில் சொன்னார். நான் அரசரின் நாட்டில் சுதந்திரமான பெண், எட்டுப் பிள்ளைகளை வளர்த்தேன், வயதாகிவிட்டது, என்னைப் பார்க்காதவர்களுக்கு என் சொத்தில் பங்கு இல்லை என்பது அதன் சாரம். அந்தச் சபையில் அமென்நக்தும் இருந்தார். வேலைநிறுத்தம் நடந்தபோது நௌனக்தே அதே ஊரில் வாழ்ந்தவர். பசி நாட்களில் எந்தப் பிள்ளை ரொட்டி கொண்டுவந்தது, எது கதவைச் சாத்தியது என்று நீங்கள் எழுதினால், பிற்பாடு வரும் உயிலுக்கு வேர் கிடைத்துவிடும்.

ஆறாம் படி: பெயர், முறை, விளிப்பு

எகிப்திய எழுத்தில் உயிரொலிகள் எழுதப்படுவதில்லை. புத்தகங்களில் காணும் "எ"கள் எல்லாம் அறிஞர்கள் வாய்க்கு வசதியாகச் செருகியவை. ஆகவே சரியான உச்சரிப்பைத் தேடி அலைய வேண்டாம். தமிழ் நாக்கில் புரளும் வடிவம் ஒன்றைத் தேர்ந்து, கடைசிப் பக்கம் வரை அதையே எழுதுங்கள். ஊரில் அமென்நக்துகள் பலர். ஒருவரைத் தவிர மற்றவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிடலாம்.

அரசரை என்ன என்று அழைப்பது? "பார்வோன்" என்று எழுதினால் தமிழ் வாசகரின் மனதில் பைபிளின் மோசே கூடவே வந்து நிற்பார். "ஃபாரோ" என்றால் ஆவணப்படக் குரல் கேட்கும். மூலச் சொல்லின் பொருள் "பெரிய வீடு". முதலில் அரண்மனையைக் குறித்து, பிறகு அரசரையே குறித்த சொல். இதற்குத் தமிழில் அச்சாக ஒரு வழக்கு இருக்கிறதே! "பெரிய இடத்து உத்தரவு" என்கிறோம். "அரண்மனையில் சொல்லிவிட்டார்கள்" என்கிறோம். ஊர்க்காரர் பேச்சில் நான் "பெரிய இடம்" என்றே எழுதினேன். அரசாணை வரும் இடத்தில் மட்டும் பெயரும் அதன்பின் "உயிர், வளம், நலம்" என்ற வாழ்த்தும்.

முறைப்பெயர்தான் உண்மையான பள்ளம். எகிப்தியர் காதலியை "சகோதரி" என்றும் காதலனை "சகோதரன்" என்றும் அழைத்தார்கள். அதை நேராகத் தமிழில் வைத்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அந்தச் சொல் அவர்களிடம் ஒன்றுவிட்ட சகோதரன், சித்தப்பா, மச்சான் எல்லாவற்றுக்கும் நீளும். தமிழோ ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்கும் மொழி. உறவு தெரிந்த இடத்தில் நம் முறைப்பெயரைப் போடலாம். ஆனால் "மாமா", "அத்தான்" இரண்டையும் தவிருங்கள். அவற்றோடு நம் கல்யாண முறை முழுவதும் உள்ளே வந்துவிடும். காதலருக்குப் பெயர் சொல்லி அழைப்பதே போதும். மனைவி கணவனை "நாதா", "சுவாமி" என்பதும் வேண்டாம். இது பெண் தன் பெயரில் சொத்து வைத்திருந்த, தன் வாயால் உயில் சொன்ன ஊர்.

ஏழாம் படி: ஒரு காட்சியைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்

என் பழைய வரைவு இப்படி இருந்தது:

"மாமன்னர் ராம்சேஸின் பொன்னாட்சியில் மக்கள் பசியால் வாடினர். வீரம் செறிந்த தொழிலாளர்கள் வெகுண்டெழுந்தனர். 'எங்கள் உரிமையைக் கொடுங்கள்!' என்ற முழக்கம் விண்ணைப் பிளந்தது."

மேடைப்பேச்சு. திருத்தியது:

"அளவைக்காரன் மரப்படியைக் கவிழ்த்து வைத்திருந்தான். கவிழ்த்த படியைப் பார்த்ததுமே பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் யாரும் வரிசையை விட்டு நகரவில்லை. அமென்நக்த் சில்லை மடியில் வைத்து, தேதியை எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்கு நாணலை மையில் தோய்த்தார். எழுத எதுவும் இல்லை. மை உலர்ந்தது.

'எழுதுங்களேன்' என்றாள் மென்னாவின் மனைவி. 'வரவில்லை என்று எழுதுவதற்கும் கூலி உண்டுதானே உங்களுக்கு?'

'எனக்கும் வரவில்லை.'

'உங்கள் வீட்டு அடுப்பில் காலையில் புகை பார்த்தேனே.'

அவர் பதில் சொல்லவில்லை. புகை வந்தது உண்மை. வெங்காயத் தாளை மட்டும் வேகவைத்த புகை என்பதைத் தெருவில் நின்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை."

என்ன மாறியது? அரசர் போய்விட்டார். முழக்கம் போய்விட்டது. கவிழ்த்த படி வந்தது. சுவரொட்டிய வீடுகள், எழுத்தரின் இரட்டை நிலை, நாணல் எழுதுகோல் எல்லாம் விளக்கமில்லாமல் உள்ளே வந்துவிட்டன. விளக்கவேண்டிய தகவலை இப்படித்தான் கடத்தவேண்டும். பாத்திரம் அதைப் பயன்படுத்தட்டும், வகுப்பு எடுக்கவேண்டாம்.

நடை பற்றி ஒரு சொல். நம் சரித்திர நாவல்களின் செந்தமிழ் உரையாடல் இந்த ஊருக்கு ஒட்டாது. அதற்காக வட்டார வழக்கில் இறங்கினால் தேர் எல்-மதீனா திருநெல்வேலி ஆகிவிடும். இடைப்பட்ட, தேய்ந்த, எளிய பேச்சுநடை போதும்.

எட்டாம் படி: உவமைகளைச் சோதனை போடுங்கள்

தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். பருத்தி இல்லை, சணல்போன்ற ஆளிச்செடி நாரில் நெய்த லினன்தான். பட்டு இல்லை. ஒட்டகம் அன்றாட வாழ்வில் இல்லை, கழுதைதான். உளி செம்பில் ஆனது, அரசுக்குச் சொந்தம், நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்குவார்கள்.

நம்மை ஏமாற்றுவது பொருள் அல்ல, பழகிய தமிழ்ச் சொற்றொடர். "தாமரை முகம்" என்று எழுதிவிட்டேன். தாமரை எகிப்துக்கு வந்தது பாரசீகர் காலத்தை ஒட்டித்தான். கோயில் தூணிலும் விருந்துப் படங்களிலும் இருப்பது அல்லியும் நீலாம்பலும். "பூமித்தாய்" என்று எழுதிவிட்டேன். அவர்களுக்குப் பூமி ஆண், கெப். வானம்தான் பெண், நூத், அவன்மேல் வளைந்து நிற்பவள். "வாழையடி வாழை", "மழைக்கு ஏங்கும் பயிர்" எல்லாவற்றையும் அடித்தேன். அங்கே மழை ஏறக்குறைய இல்லை, பயிர் ஏங்குவது ஆற்று வெள்ளத்துக்கு. மாறாக, அவர்களிடமே நல்ல வழக்குகள் கிடைக்கும். இறந்தவன் "மேற்கே" போகிறான். தெற்குதான் அவர்களுக்கு மேடு, ஆறு அங்கிருந்து இறங்குகிறது. தொழிலாளர் குழுவுக்குப் பெயர் கப்பல் பணியாளர் குழு என்பதுதான், வலப்பக்கம், இடப்பக்கம் என்று இரண்டு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேஸ்திரி.

தமிழ் வணிகன் ஒருவனைக் கதையில் நுழைக்க ஆசை வரும். வரத்தான் செய்யும். செங்கடல் கரையில் குசைர் அல்-காதிமிலும் பெரெனிகேயிலும் தமிழ்-பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கணன், சாதன், கொற்பூமான் என்ற பெயர்களோடு. ஆனால் அவை ரோமானியர் காலத்தவை, நம் வேலைநிறுத்தத்துக்கு 1100 ஆண்டுக்கும் மேல் பிந்தியவை. இரண்டாம் ராம்சேஸின் உடலில் மூக்குத் துவாரத்தில் மிளகு இருந்ததாக ஆய்ந்தவர்கள் சொன்னது உண்மை. அந்த மிளகு எத்தனை கை மாறி வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதை ஒரு விலையுயர்ந்த பொருளாகக் காட்டலாம். அதைக் கொண்டுவந்த கப்பலில் தமிழ்க்கொடி பறக்கவிடுவது நாவல் இல்லை, ஆசை.

ஒன்பதாம் படி: கடவுளைத் தெருவில் வையுங்கள்

அமூனின் பெரிய கோயிலை விட்டுவிடுங்கள். இந்த ஊருக்கு மேலே பிரமிடு வடிவில் ஒரு மலைமுகடு இருக்கிறது. அதுவே தெய்வம், மெரெத்செகெர், "மௌனத்தை விரும்புபவள்", நாக வடிவினள். நெஃபராபு என்ற தொழிலாளி, நான் அறிவிலி, முகட்டுக்கு எதிராகத் தப்பு செய்தேன், அவள் எனக்குப் பாடம் புகட்டினாள், அப்புறம் இரங்கினாள் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்.

இறந்துபோன முதலாம் அமென்ஹோதெப் அரசர்தான் ஊர்த்தெய்வம். அவர் சிலையைத் தோளில் தூக்கி வருவார்கள், தூக்குபவர்களும் ஊர்க்காரர்களே. வழக்கைச் சொன்னால் சிலை முன்னால் நகர்ந்தால் ஆம், பின்னால் நகர்ந்தால் இல்லை. திருட்டு, வீட்டுத் தகராறு எல்லாவற்றுக்கும் குறி கேட்பார்கள். தூக்குபவரில் ஒருவன் பிரதிவாதிக்குக் கடன்பட்டவன் என்று வையுங்கள். மற்றதை நீங்களே எழுதிக்கொள்வீர்கள்.

பத்தாம் படி: வரிசையும் நிறுத்துமிடமும்

சுவரில் ஒரு நீளக் காகிதம் ஒட்டி, மேலே ஆவணத் தேதிகள், கீழே உங்கள் கற்பனைச் சம்பவங்கள் என்று இரண்டு வரிசை போடுங்கள். மேல் வரிசையைத் தொடக்கூடாது. கீழே எதையும் மாற்றலாம். மூலங்களை மொழிபெயர்ப்பில் படிக்கச் செலவும் அதிகம் ஆகாது. லெய்டன் பல்கலைக்கழகத்தின் தேர் எல்-மதீனா தரவுத்தளமும், தூரின், பிரிட்டிஷ் அருங்காட்சியகங்களின் இணையச் சேகரிப்புகளும் இலவசம். ஒரு நாளைக்கு ஒரு சில்லு என்று பாருங்கள். ஒரே நேரத்தில் ஐம்பது பார்த்தால் நாவல் பட்டியலாகிவிடும். எனக்கு ஆனது.

எங்கே முடிப்பது என்பதில் நான் இரண்டு மாதம் திண்டாடினேன். வெற்றிவிழா முடிவு கிடையாது. ரேஷன் வந்தது, மறுபடி தாமதமானது, மறுபடி உட்கார்ந்தார்கள். நடுவில் வசீர் தோ, அரசரின் முப்பதாம் ஆண்டு விழாவுக்குத் தெற்கு நாட்டுத் தெய்வச் சிலைகளை ஏற்றிப்போக வருகிறார். ஊருக்கு வந்து முகம் காட்டவில்லை. களஞ்சியமே காலி, கிடைத்ததைத் தருகிறேன் என்று செய்தி மட்டும் அனுப்புகிறார். சிலைகளை ஏற்றிக்கொண்டு படகு வடக்கே திரும்புகிறது. வடக்கே போகும் படகுக்குப் பாய் வேண்டாம், ஆறே இழுத்துப் போகும். துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

என் கடைசி அத்தியாயத்தில் அமென்நக்த் கரையில் நின்று அந்தச் சத்தம் தேயும் வரை கேட்கிறார். அப்புறம் மலையேறி வந்து, புதிய சில்லு ஒன்றை எடுத்து, தேதியை எழுதி, அன்றைக்கு வந்த மூட்டைகளை எண்ண உட்காருகிறார்.